லெஸ்டரில் இருந்து லூர்து வரை காரில் போக முடியுமா? விசா, கப்பல், வழி கேட்டு

பாளை_தெற்குபஜார்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஜூன் மாசம் அம்மா, அப்பாவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு இங்கிலாந்தில இருக்கிற லெஸ்டர் போறோம். தெற்குப் பிரான்ஸில் இருக்கிற லூர்து மாதா கெபியில (குகைக் கோயில்ல) ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வரணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அண்ணன் வண்டியிலேயே பிரான்ஸ் வழியா ஓட்டிப் போய் பத்து நாளில் திரும்பலாம்னு இருக்கோம். ஆள் ஐந்து: அம்மா (68), அப்பா (73), அண்ணன், நான், அண்ணன் மகள் (7). வண்டி பிரிட்டன் பதிவு, வலது பக்க ஸ்டீயரிங், டீசல். அண்ணன் வேலை விசாவில் இருக்காரு, இந்திய பாஸ்போர்ட்தான். அங்கத்த லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகுது. என் லைசென்ஸ் டிஎன் 72.

விசா எங்க போடணும், எதை முதல்ல போடணும்? நானும் மாத்தி ஓட்டலாமா? இங்கிலாந்துத் துறைமுகம் டோவர்ல ஏறி பிரான்ஸின் கலேயில இறங்குற வழிதான் ஒரே வழியா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. கட்டுச்சோறு கொண்டு போக விடுவாங்களா?

தாமிரவருணிக்கரை:

தம்பி, பிரிட்டன் விசாவை வச்சு பிரான்ஸுக்குள்ள கால் வைக்க முடியாது. பிரான்ஸும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, ஷெங்கன் விசா, தனியா வேணும். அதைப் போடுற இடம் உங்க வீட்டுக்குள்ளேயே ரெண்டாப் பிரியும். நீங்களும் அம்மா, அப்பாவும் சென்னையில வி.எஃப்.எஸ். (விசா மனு வாங்குற நிறுவனம்) மூலமாப் போடணும். அண்ணனும் அவர் மகளும் பிரிட்டனில் குடியிருக்கிறதால அங்கேயே போடணும். அங்க போய் இறங்கின பிறகு போட்டுக்கலாம்னு இருந்துராதீங்க. சுற்றுலா விசாவில் வந்தவங்க மனுவை அங்க பொதுவா வாங்க மாட்டாங்க, குடியிருக்கிற நாட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க.

வரிசை இப்படி: முதல்ல பிரிட்டன் விசா. அது கையில வந்த பிறகு ஷெங்கன். நீங்க பிரான்ஸுக்குள்ள போறதும் திரும்புறதும் பிரிட்டன் வழியாங்கறதால, அந்த விசாவைக் காட்டினாத்தான் பயணத் திட்டம் நிக்கும். ஷெங்கன் மனுவைப் பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியில இருந்து போடலாம். கடைசிக் கெடு 15 நாள், ஆனா அதை நம்பாதீங்க. கோடைக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே பெரும்பாடு, பிரிட்டன் பக்கம் இன்னும் மோசம். அண்ணனை இப்பவே தேதி பார்க்கச் சொல்லுங்க. 2024 ஜூனில் இருந்து பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும்.

தவறு நடக்குற இடம் எதுன்னா, ரெண்டு ஊரில் போடுற மனுவிலும் பயணத் திட்டம் வேற வேறயா இருக்கறது. தங்கும் ஊர், கப்பல் தேதி, வண்டி நம்பர் எல்லாத்தையும் ஒரே தாளில் எழுதி, அதே தாளை ரெண்டு பக்கமும் வையுங்க. அண்ணன் கூட்டிப் போறதா ஒரு கடிதமும், வண்டியின் பதிவுப் புத்தக நகலும் சேர்த்துக்கிடுங்க. பிள்ளையோட அம்மா கூட வரலைன்னா, அவங்க சம்மதக் கடிதமும் வேணும்.

இன்னொன்னு, நம்ம ஊர் ஆளுகளுக்கே உள்ளது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியா இருக்கும், அல்லது இனிஷியல் விரிஞ்சு அப்பா பெயர் அங்க உக்காந்திருக்கும். விசா மனு, காப்பீடு, கப்பல் டிக்கெட் மூணுலயும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்தை அப்படியே போடுங்க. பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, ஷெங்கனை விட்டு வெளியேறுற நாளுக்குப் பிறகும் மூணு மாசம் செல்லுபடி இருக்கணும்.

சாரல்_தென்காசி:

வழியைப் பத்தி நான் சொல்லுதேன். கலேயில் இருந்து லூர்து சுமார் 1100 கிலோமீட்டர். நெல்லையில் இருந்து சென்னை போறதைப் போல ஏறத்தாழ ஒன்னே முக்கால் பங்கு. 73 வயசு அப்பாவை வச்சுக்கிட்டு ஒரே மூச்சுல போற தூரம் இல்ல.

எல்லாரும் டோவர்னு சொல்லுறது, கடல் அங்க குறுகலா இருக்கறதால. கப்பலில் ஒன்றரை மணி நேரம், பக்கத்து ஃபோக்ஸ்டனில் வண்டியோட ரயிலில் ஏறினா கடலுக்கு அடியில 35 நிமிஷம். ஆனா நீங்க கிளம்புறது லெஸ்டர். அங்க இருந்து ஃபோக்ஸ்டனும் போர்ட்ஸ்மவுத்தும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இருந்து பிரான்ஸின் நார்மண்டியில இருக்கிற கான் (Caen) நகரத்துக்கு இரவுக் கப்பல் உண்டு. இறங்குறது 15 கிலோமீட்டர் தள்ளி விஸ்ட்ரஹாம் துறைமுகத்தில். கேபின் எடுத்துத் தூங்கிட்டுக் காலையில இறங்கினா லூர்து 850 கிலோமீட்டர்தான் மிச்சம். கலே வழியை விட 250 கிலோமீட்டர் ஓட்டுறது குறையும், லண்டனைச் சுத்துற எம்25 சாலை நெரிசலும் இருக்காது. டிக்கெட் விலை கூடத்தான். அப்பாவுக்காக அதைக் கொடுக்கலாம்னு சொல்லுவேன். ஒன்னு கவனம்: கப்பல் நகர்ந்த பிறகு வண்டி நிக்கிற தளத்தைப் பூட்டிருவாங்க. மருந்துப் பை, மாத்துத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் ஏறும்போதே கையோட மேல வரணும்.

கானில் இருந்து ஏ88, ஏ28 விரைவுச்சாலைகளைப் பிடிச்சு அலன்சோன், லெ மான் வழியா தூர் (Tours) நகரம். அங்க இருந்து ஏ10 நேரா புவாட்டியே, போர்தோ. போர்தோ தாண்டி ஏ62 கொஞ்ச தூரம், லாங்கோனில் ஏ65 திரும்பி போ (Pau) நகரம், அப்புறம் ஏ64, லூர்து. முதல் நாள் புவாட்டியேயோட நிறுத்துங்க, சுமார் 370 கிலோமீட்டர். ரெண்டாம் நாள் லாங்கோன் பக்கம் தங்குங்க, 290. மூணாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு லூர்து போய்ச் சேர்ந்திருவீங்க. போர்தோ சுற்றுச்சாலையைக் காலை எட்டு மணிக்கும் மாலை அஞ்சு மணிக்கும் தொடாதீங்க. ஏ65-ல பங்க் குறைவு, லாங்கோனிலேயே டாங்கை நிரப்பிக்கிடுங்க.

முடிஞ்சா ஓட்டுற நாள்ல ஒன்னு ஞாயிறா இருக்கட்டும். சனி இரவு 10 மணியில இருந்து ஞாயிறு இரவு 10 மணி வரை 7.5 டன்னுக்கு மேல உள்ள லாரிகளுக்கு அங்க பொதுவாத் தடை. சாலை காலியாக் கிடக்கும். ஆனா ஞாயிறு மதியத்துக்கு மேல கடை பெரும்பாலும் கிடையாது, சாமான் சனிக்கிழமையே வாங்கணும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமை கிளம்பவே கூடாது. பயணம் தள்ளிப்போனாலும் ஆகஸ்ட் 15-ஐ விட்டுருங்க. காமநாயக்கன்பட்டியில அன்னைக்கு எப்படியோ அதுக்குப் பல மடங்கு கூட்டம் லூர்துல இருக்கும். ஜூனில் தினமும் இரவு 9 மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி உண்டு. அம்மாவுக்கு அதுதான் முக்கியம்னா, கெபிக்கு நடந்து போற தூரத்தில் அறை எடுங்க. அந்தச் சந்துகளும் மேடுபள்ளமும் இரவில் வண்டி எடுத்துப் போற இடம் இல்ல.

வல்லநாட்டு_சாரதி:

நீங்க ஓட்டலாமான்னு கேட்டீங்க. பிரிட்டனில் இந்திய லைசென்ஸோட 12 மாசம் வரை ஓட்டலாம். பிரான்ஸுக்கு அதோட சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் சேர்த்து வேணும். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே எடுக்கலாம், பரிவாகன் தளத்தில் மனு, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டணும்கிறதால விசா வந்த பிறகு போங்க. அதை விடச் சிக்கல் இன்சூரன்ஸ். அண்ணன் பாலிசியில உங்க பெயர் ஏறாம சக்கரத்தைத் தொடக் கூடாது. இந்திய லைசென்ஸ்னு சொன்னதும் சில கம்பெனி மறுக்கும், சிலது கட்டணத்தை ஏத்தும். பிரான்ஸுக்குப் போனதும் முழுக் காப்பீடு சத்தமில்லாம மூணாம் நபர் காப்பீடாச் சுருங்குற பாலிசியும் உண்டு. முழுக் காப்பீடு எத்தனை நாளைக்குன்னு எழுத்தில் வாங்குங்க.

அண்ணன் லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆகலைங்கறதால அவருக்கு வேகம் குறைவு: விரைவுச்சாலையில 110. மத்தவங்களுக்கு 130, மழை பெய்தா 110. நடுவுல தடுப்பு இல்லாத ஊர்ப்புறச் சாலையில பொதுவா 80, ஊருக்குள்ள 50. அவங்க ஊருக்குள்ள 50-னு தனிப் பலகை வைக்க மாட்டாங்க. சிவப்புக் கரை போட்ட ஊர்ப்பெயர்ப் பலகையே 50-க்கு அறிவிப்பு. வண்டி மீட்டர் மைலில் இருக்கும்: 110 கிலோமீட்டர்னா 68 மைல், 80-னா 50, 50-னா 31. ஒரு துண்டுத்தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக்கிடுங்க. கேமரா இருக்குன்னு எச்சரிக்கிற வசதி போனில் இருந்தா அணைச்சிருங்க, அங்க அது குற்றம்.

வலது பக்கம் ஓட்டுறது நினைக்கிற அளவு கஷ்டம் இல்ல. ஒரு அடையாளம் பிடிச்சுக்கிடுங்க: சாலை ஓரம் எப்பவும் ஓட்டுறவர் தோள் பக்கம் இருக்கணும். நம்ம ஊரில் நடுக்கோடு தோள் பக்கம் வரும், அங்க புல்வெளி. தப்பு நடக்கிறது நெரிசலில் இல்ல. காலையில பங்கில் டீசல் போட்டுட்டு ஆளில்லாத சாலையில திரும்புறோம் பாருங்க, அங்கதான் கை பழக்கத்துல இடதுக்குப் போயிரும். அந்த நேரம் பக்கத்தில் இருக்கிறவர் "வலது"ன்னு வாய்விட்டுச் சொல்லணும்.

லாரியை முந்துறது வேற கதை. செங்கோட்டை ரோட்டில் லாரிக்குப் பின்னால போனா, வண்டியைக் கொஞ்சம் வலதுக்கு நகர்த்தி எட்டிப் பார்த்திருவோம். அங்க நீங்க ஓரத்தில் உக்காந்திருக்கீங்க, லாரி மறைக்கும், வண்டி பாதி எதிர்த்தடத்துக்குள்ள போன பிறகுதான் எதிரே வாறது தெரியும். அதனால ஒற்றைத் தடச் சாலையில முந்தவே முந்தாதீங்க. விரைவுச்சாலையில இடது பின்கண்ணாடியை வெளிப்பக்கம் கொஞ்சம் அகட்டி வச்சுக்கிடுங்க.

ரவுண்டானாவில் எதிர்க்கடிகாரச் சுற்று, உள்ள இருக்கிற வண்டிக்கு முதல் உரிமை. சின்ன ஊர்ச் சந்திப்பில் பலகையும் கோடும் எதுவுமே இல்லைன்னா வலது பக்கத்துல இருந்து வாறவனுக்கு வழி விடணும், அவன் சின்னத் தெருவுல இருந்து வந்தாலும் சரி. மஞ்சள் சாய்சதுரப் பலகை தெரிஞ்சா நீங்க போற சாலைக்கே முன்னுரிமை.

டோலில் ஃபாஸ்டேக் மாதிரி ஒரு பட்டை உண்டு, முன்கூட்டியே வரவழைச்சுக் கண்ணாடியில ஒட்டலாம். இல்லைன்னா ஏறும்போது சீட்டு, இறங்கும்போது காசு. எந்திரம் இடது பக்கம் நிக்கும், ஆக முன் இடது இருக்கையில கார்டோட ஒருத்தர் விழிச்சிருக்கணும். ஆரஞ்சு நிற 't' மட்டும் எழுதின தடம் பட்டைக்காரங்களுக்கு, அதுல மாட்டிக்கிட்டா பின்னால வரிசை கூடிரும். நார்மண்டியில பாரிஸ் போற ஏ13-ல தடுப்புக் கம்பமே இல்ல, கேமரா நம்பரைப் படிக்கும், 72 மணி நேரத்துக்குள்ள இணையத்துல கட்டணும். தப்பி அதுல ஏறினா அன்னைக்கு ராத்திரியே கட்டிருங்க.

வண்டியில இருக்க வேண்டியது: எச்சரிக்கை முக்கோணம், அஞ்சு பேருக்கும் ஒளிரும் சட்டை, யு.கே. ஸ்டிக்கர், வண்டியின் அசல் பதிவுச் சான்று. சட்டை டிக்கியில இருக்கக் கூடாது, இறங்குறதுக்கு முன்னாடி மாட்டணும். முகப்பு விளக்கு எதிரே வாறவன் கண்ணுல அடிக்காம இருக்க மறைப்பு ஒட்டணும். புது எல்.இ.டி. விளக்கா இருந்தா மெனுவிலேயே மாத்துற வசதி இருக்கான்னு வண்டிப் புத்தகத்தைப் பாருங்க.

டீசல்தான் அங்க பெயர் குழப்பும். பிரெஞ்சில் 'கஸோல்'னா டீசல். கேசோலின்னு நினைச்சுப் பெட்ரோல்காரங்க அதைப் போட்டு எஞ்சினைக் கெடுத்துக்கிடுவாங்க, உங்களுக்கு நேர் எதிரா அதை விட்டுட்டு வேறதைத் தேடத் தோணும். எழுத்தை விட்டுருங்க, வடிவத்தைப் பாருங்க: சதுரத்துக்குள்ள பி7-னா டீசல், வட்டத்துக்குள்ள ஈ5, ஈ10-னா பெட்ரோல். விரைவுச்சாலை பங்கை விட சூப்பர்மார்க்கெட் பங்கில் விலை குறைவு.

பாளை_தெற்குபஜார்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. போர்ட்ஸ்மவுத்னு முடிவு பண்ணியாச்சு. சாப்பாடும், நடுவழியில வண்டி நின்னா என்ன செய்யணும்னும் யாராவது சொல்லுங்களேன்.

அம்பாசமுத்திரம்_அக்கா:

தயிர், நெய், பால், பன்னீர், இறைச்சி, இதெல்லாம் பிரிட்டனில் இருந்து பிரான்ஸுக்குள்ள கொண்டு போகக் கூடாது தம்பி. தயிர்சாதம் கட்டினா துறைமுகத்துலயே குப்பைக்குப் போயிரும். பச்சைக் கறிவேப்பிலை, காய், பழத்துக்கும் சான்றிதழ் கேப்பாங்க. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சைக்கு விலக்கு உண்டு. நல்லெண்ணெயில் குழைச்ச மிளகாய்ப்பொடி தடவின இட்லி, புளியோதரை, இதுக்குப் பிரச்சினை இல்ல. தயிரைப் பிரான்ஸிலேயே வாங்கிக்கிடலாம். திரும்பும்போதும் கவனம்: 2025 ஏப்ரலில் பிரிட்டனும் ஐரோப்பியப் பால், இறைச்சிப் பொருளைத் தனியாள் கொண்டு வரத் தடை போட்டிருக்கு.

உணவகத்தில் மதியச் சாப்பாடு 12-ல இருந்து 2 வரைதான். ரெண்டரைக்குப் போய் நின்னா அடுப்பு அணைஞ்சிருக்கும். சர்க்கரை உள்ள அம்மாவுக்கு அந்த நேரக்கணக்கு ஒத்து வராது, அதனால கட்டுச்சோறு கையில இருக்கட்டும். விரைவுச்சாலை நெடுக 'ஏர்' (Aire)னு ஓய்விடப் பலகை வரும், மர மேசையும் கழிப்பறையும் இருக்கும், பைய உக்காந்து சாப்பிடலாம். இன்சுலின் போடுறாங்கன்னா குளிர்ப்பையில, வெயிலில் நிக்கிற வண்டியில விடாதீங்க. மருந்துச்சீட்டில் கம்பெனி பெயர் மட்டும் இல்லாம மருந்தின் பொதுப்பெயரும் டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. அங்கத்த மருந்துக்கடையில அதுதான் புரியும்.

வண்டி விரைவுச்சாலையில நின்னா, ஒளிரும் சட்டையோட எல்லாரும் ஓரப்பக்கமா இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணும். முக்கோணம் வைக்கச் சாலையில நடக்காதீங்க. அங்க நம்ம சொந்த பிரேக்டவுன் கம்பெனியைக் கூப்பிட்டாலும் உள்ள வர முடியாது, அனுமதி உள்ள இழுவை வண்டிதான் வரும். ஆரஞ்சு நிறப் போன் தூணில் அழுத்தினா இடம் அவங்களுக்கே தெரிஞ்சிரும், இல்லைன்னா 112. இழுவைக்கு வாங்குற ரசீதைத் தொலைச்சிராதீங்க, அதைக் காட்டித்தான் உங்க கம்பெனியில காசு திரும்ப வாங்கணும்.

சாரல்_தென்காசி:

அக்கா சொன்னதோட ஒன்னு: பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை பின்னிருக்கையில, அளவுக்கேத்த சீட்டில்தான் இருக்கணும். அந்தச் சீட்டை நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் அம்மா, அப்பாவுக்குத் தோள் இடிக்கும், பெல்ட் மாட்டுற கொக்கிக்குக் கை போகாது. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அஞ்சு பேரும் பெட்டியோட ஏறி உக்காந்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. அப்பாவுக்கு முட்டி மடக்க முடியலைன்னா அவரை முன்னாடி விட்டு, ஓட்டாத ஆள் பின்னால போங்க. அப்போ டோல் கார்டு அப்பா கையில இருக்கும், அதையும் பழக்கி விட்டுருங்க.