பழைய ‘சக்’கை (chuck) கடைசல் லேத்தில் மாட்ட வழி சொல்லுங்கண்ணே

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம். வெட்டிப்போட்ட பால்மரக் கட்டையில கிண்ணம், உரல்னு கடைசல் வேலை பழகிக்கிட்டிருக்கேன். தோட்டத்துப் பட்டறையில வேலை பார்த்து ஓய்வான ஒரு மாமா, தன் பழைய நாலு தாடை ‘சக்’கை, அதாவது லேத்தில கட்டையைக் கவ்விப் பிடிக்கிற பாகத்தை, சும்மாவே குடுத்தாரு. நல்ல கனம், தாடை இன்னும் இறுக்கமாப் பிடிக்குது. ஆனா என் லேத்தில ஏறமாட்டேங்குது.

சக் திருகி ஏறுற லேத் தண்டு 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை (திருகுப் புரி). சக்கோட ஓட்டை பெரிசு. உள்வாய் 29 மில்லிமீட்டர் சொச்சம். ஈரச் சவர்க்காரத்தை உள்ளே அமுக்கி எடுத்து, பதிஞ்ச மரையை எண்ணினேன்: அஞ்சு மரைக்கு 17.5 மில்லிமீட்டர். அப்போ ஒரு மரைக்கு 3.5, அதாவது எம்33 (33 மில்லிமீட்டர் மரை). (வெர்னியர் அளவுகோல் உள்ளே நுழையல, அதான் சவர்க்காரம். வீட்டில திட்டு வாங்கினது தனிக் கதை.)

உள்ளே 1 அங்குல மரை, வெளியே எம்33 மரை உள்ள புஷ் (இடையில மாட்டுற குழாய்த் துண்டு) போட்டாச் சரியாகும்னு தெரியுது. என் பயம் வேற. கணக்குப் போட்டா மரைப் பள்ளத்தில புஷ்ஷோட சுவர் 1.6 மில்லிமீட்டர்தான் மிஞ்சுது. சக்கோட முதுகு தண்டுத் தோள்ல (மரை முடியுற இடத்து மேடு) நேரா உட்காரலைன்னா ஆட்டமும் வரும்.

ஈப்போ பக்கம் இதை எஃகுல ஒழுங்காக் கடைஞ்சு தர்ற பட்டறை இருக்கா? இல்லை, ரெடிமேடா வாங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா? விளிம்பு வச்ச புஷ்ஷா, வைக்காததா, எது ஆடாம நிக்குது?

புதுசு வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே. மாமா தினம் வந்து “மாட்டிட்டியா?”ன்னு கேக்குறாரு.