கதை தெரிகிறது, கட்டுரையில் மார்க் வரவில்லை: ஆங்கில இலக்கிய வகுப்புக்கு எப்படிப் படிப்பது?

கேள்வி: பேனாமூடி

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் ஆங்கில வகுப்புக்கு இந்த வருஷம் இரண்டு பழைய புத்தகங்கள். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்'. நாவலில் 59 அத்தியாயம். ஒரு வாக்கியத்தைப் பிடித்தால் முற்றுப்புள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுவாய் எது என்பதே மறந்துவிடுகிறது. அதனால் சுருக்கம் போடும் தளங்களில் படித்துவிட்டு, வீடியோவும் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். யார் யாருடைய மகள், பணம் கொடுத்தது யார் என்று எங்கே கேட்டாலும் சொல்வேன்.

கட்டுரை திரும்பி வரும்போதெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: "கதையைச் சொல்லியிருக்கிறாய், ஆராயவில்லை." கடைசியாகக் கேட்ட கேள்வி, முதல் அத்தியாயத்தில் டிக்கன்ஸ் பயத்தை எப்படி உண்டாக்குகிறார் என்பது. கல்லறைத் தோட்டம், பனிமூட்டம், காலில் விலங்கோடு ஒரு கைதி, தனியாக ஒரு சின்னப் பையன், இதெல்லாம் இருப்பதால் பயம் வருகிறது என்று எழுதினேன். இதற்கு மேல் அதில் என்னதான் இருக்கிறது? ஆராய்வது என்றால் என்ன என்று யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

பதில்: காதுகொடு

நாவலை ஒலிப்புத்தகமாக ஓடவிட்டு, அச்சுப் புத்தகத்தில் கூடவே கண்ணை ஓட்டுங்கள். வாசிப்பவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேட்டாலே அந்த நீள வாக்கியங்களில் பாதி பிடிபட்டுவிடும். காப்புரிமை எப்போதோ முடிந்த புத்தகம், இலவசமாகவே கிடைக்கும்.

பதில்: சாக்பீஸ் டீச்சர்

உன் டீச்சர் எழுதிய அதே குறிப்பை அதே சிவப்பு மையில் பல வருஷம் எழுதித் தள்ளியவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்ம்மா, மார்க் போடுவதில் அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. நீ எழுதியதில் 'பனிமூட்டம்' என்று ஒன்று இருக்கிறதே, முதல் அத்தியாயத்தைத் திறந்து அதைத் தேடிப் பார். இருக்காது. அங்கே இருப்பது காற்று, காஞ்சொறி மண்டிய கல்லறைகள், இருட்டப்போகிற சாயங்காலம். மூட்டம் மறுநாள் காலையில், இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியிலும் மூன்றாம் அத்தியாயத்திலும்தான் வருகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாய் என்பது திருத்துகிறவருக்கு அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சரி, ஆராய்வது என்றால் என்ன? உன் கேள்வியில் 'எப்படி' என்று இருக்கிறது. நீ எழுதியது 'என்னென்ன' என்பதற்கான பதில். எப்படி என்று பார்க்க, அதே அத்தியாயத்தில் ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கைதி அந்தச் சின்னப் பையனை, கதை சொல்கிற பிப்பை, தலைகீழாகக் கவிழ்த்து அவன் பையிலிருப்பதைக் கொட்டுகிறான். விழுந்தது ஒரு ரொட்டித் துண்டு. நடந்தது அவ்வளவுதான். பிப் இதை எப்படிச் சொல்கிறான் என்று பார். தேவாலயம் பழைய நிலைக்கு வந்தபோது தான் ஓர் உயரமான கல்லறைக்கல்லின் மேல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறான். அதற்கு முன்னால், தேவாலயம் குட்டிக்கரணம் போட்டதாம், அதன் கோபுரம் தன் காலுக்குக் கீழே தெரிந்ததாம். கவிழ்ந்தது பையன், ஆனால் அவன் கணக்கில் கவிழ்ந்தது தேவாலயம். என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளக்கூட நேரமில்லாத குழந்தையின் பயம் அது. 'எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது' என்று பத்து தடவை எழுதினாலும் இது வராது.

இதோடு நிறுத்தாதே. தேவாலயம் குட்டிக்கரணம் போட்டது என்பதில் ஒரு சிரிப்பும் இருக்கிறது, இல்லையா? நடுங்கிக்கொண்டிருக்கிற குழந்தைக்கு அப்படிச் சிரிக்க வராது. சிரிப்பது, வளர்ந்து ஆளான பிறகு இந்தக் கதையை உட்கார்ந்து எழுதுகிற பிப். ஒரே வாக்கியத்தில் பயந்தவனும் இருக்கிறான், அந்தப் பயத்தை வேடிக்கையாகச் சொல்லத் தெரிந்தவனும் இருக்கிறான். இந்த இரண்டு பேரும் நாவல் முழுக்கக் கூடவே வருவார்கள். 27ஆம் அத்தியாயத்தில், பிப்பை வளர்த்த அக்கா புருஷன் ஜோ லண்டனுக்கு வருவான். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு மாடத்தின் விளிம்பில் வைப்பான், அது விழுந்துகொண்டே இருக்கும். அங்கே இருக்கிற இளைஞன் பிப்புக்கு ஜோவைப் பார்த்து வெட்கம். எழுதுகிற பிப்புக்கோ, அப்படி வெட்கப்பட்ட தன்னை நினைத்து வெட்கம். முதல் அத்தியாயத்திலிருந்து ஒன்று, 27இலிருந்து ஒன்று என்று இரண்டு இடத்தைச் சேர்த்து எழுதினால் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

அப்புறம், 59 அத்தியாயம் என்று மலைக்காதே. இது வாரப் பத்திரிகைத் தொடர்கதை. டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை, 36 வாரம் வந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இன்னொருவரின் தொடர் எடுபடாமல் இதழின் விற்பனை இறங்க, ஆசிரியரே களத்தில் குதித்தார். முதல் வாரம் வாசகர் கைக்குப் போனது முதல் இரண்டு அத்தியாயம் மட்டும். இரண்டாவதன் முடிவில், பிப் கைதி கேட்டபடி வீட்டுச் சாப்பாட்டையும் பட்டறையில் அரத்தையும் திருடிக்கொண்டு சதுப்பு நிலத்தைப் பார்த்து ஓடுகிறான், 'தொடரும்' போட்டாயிற்று! நீயும் உட்கார்ந்தால் இரண்டு அத்தியாயம், அதோடு மூடிவிடு. சுருக்கத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், படித்து முடித்த பிறகு பார்.

பதில்: எதிர்க்கேள்வி

டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாக்கியத்தை இவ்வளவு பிழிந்தால் பிள்ளைகளுக்குப் புத்தகமே வெறுத்துப்போகாதா? இதையே நல்ல சுருக்கப் பதிப்பில் படித்துவிட்டு, மிச்ச நேரத்தில் இன்றைய நாவல் இரண்டு படிக்கலாமே. 1861இல் முடிந்த தொடர்கதையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

பதில்: சாக்பீஸ் டீச்சர்

கோபமெல்லாம் இல்லை. இன்றைய நாவலும் வேண்டும், பாடத்திட்டம் போடுகிறவர்களிடம் அதற்காகச் சண்டை போட்டவள்தான் நான். எல்லா வாக்கியத்தையும் பிழிய வேண்டியதும் இல்லை. நடுவில் இழுக்கிற அத்தியாயங்கள் உண்டு, வகுப்பிலேயே அவற்றைக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவேன்.

சுருக்கப் பதிப்பில்தான் எனக்குச் சங்கடம். 'கைதி பையனைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினான்' என்று அதில் ஒரு வரி இருக்கும், தேவாலயம் போட்ட குட்டிக்கரணம் இருக்காது. கேள்வி கேட்பதோ அந்தக் குட்டிக்கரணத்தைப் பற்றி. பிள்ளை எங்கே போகும்?

பதில்: கூட்டத்தில் ஒருவன்

'சீசர்' பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். மாணவர் நாடகத்தில் ரோமாபுரிக் கூட்டத்தில் நின்று கத்தியவன் நான், வேறு தகுதி கிடையாது.

மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியைத் திறந்து, படிக்காமல் பக்கத்தைச் சும்மா பாருங்கள். சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் பேசுகிற இடத்தில் வரிகள் பக்கத்தின் ஓரம் வரை போகும். சீசரின் நண்பன் ஆன்டனி பேசுகிற இடத்தில் வரிகள் பாதியில் ஒடியும். முன்னது உரைநடை, பின்னது செய்யுள். கொலைக்குக் காரணம் சொல்ல வந்த புரூட்டஸ், வழக்கு மன்றத்தில் வாதாடுகிற மாதிரி அளந்து பேசுகிறான். ஆன்டனி மேடையை விட்டு இறங்கி வந்து, சீசரின் அங்கியில் கத்தி பாய்ந்த ஓட்டைகளைத் தொட்டுக் காட்டுகிறான். உயிலை உடனே படிக்காமல் ஆசை காட்டி இழுக்கிறான். கடைசியில்தான், சீசர் ஊர்மக்களுக்கு ஆளுக்கு 75 திராக்மா காசு எழுதிவைத்த விஷயம் வெளியே வரும்.

எனக்குப் பிடித்த வரி இவர்கள் இரண்டு பேருடையதும் இல்லை. புரூட்டஸ் பேசி முடித்ததும் கூட்டத்தில் ஒருத்தன், இவனையே சீசர் ஆக்குங்கள் என்று கத்துவான். ஒருத்தன் கையில் அதிகாரம் குவியக் கூடாது என்றுதான் இவ்வளவு ரத்தம்! புரூட்டஸ் பேசியது ஒரு சொல்கூட அந்தக் காதில் ஏறவில்லை. ஒத்திகையில் அந்த இடத்தில் எங்களுக்கே சிரிப்பு வந்துவிடும். அடுத்த காட்சியில் அதே கூட்டம் சின்னா என்கிற கவிஞனை, சதிகாரன் ஒருவனின் பெயர் அவனுக்கும் இருக்கிறது என்பதற்காகப் பிய்த்துப் போடும்போது சிரிப்பு போய்விடும். கூட்டத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

பதில்: பேனாமூடி

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், முதல் அத்தியாயத்தை உட்கார்ந்து படித்தேன், பனிமூட்டம் நிஜமாகவே இல்லை! ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்:

"பிப் தன் அப்பாவைப் பார்த்ததில்லை. கல்லறையில் செதுக்கிய எழுத்துகளின் வடிவத்தை வைத்து, அப்பா சதுரமான, தடித்த, கறுத்த, சுருட்டைமுடிக்காரர் என்று முடிவு செய்கிறான். வாசகருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அப்பாவைத் தெரிந்துகொள்ள அந்தக் கல்லைத் தவிர அவனிடம் எதுவும் இல்லை. அதனால் கைதி வந்து மிரட்டும்போது ஓடிப்போய் ஒளிய அவனுக்கு யாரும் இல்லை என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது."

இன்னொரு சந்தேகம். நாவலுக்கு இரண்டு முடிவு உண்டு என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். உண்மையா, இல்லை கதை விடுகிறாளா?

பதில்: சாக்பீஸ் டீச்சர்

பத்தி நன்றாக வந்திருக்கிறது. கடைசி வாக்கியத்துக்குத்தான் மார்க். 'ஓடிப்போய் ஒளிய யாரும் இல்லை' என்பதை மட்டும் கொஞ்சம் திருத்து. வீட்டில் ஜோ இருக்கிறான், அக்காவும் இருக்கிறாள். அந்த அக்காவிடம் ஓடி ஒளிய முடியுமா என்பது வேறு விஷயம், இரண்டாம் அத்தியாயத்தைப் படித்தால் தெரியும்.

உன் தோழி கதை விடவில்லை. டிக்கன்ஸ் முதலில் எழுதியதில், பிப் காதலிக்கிற எஸ்டெல்லா ஒரு மருத்துவரை மறுமணம் செய்துகொண்டிருப்பாள். பிப் அவளை லண்டன் தெருவில் சில நிமிஷம் பார்ப்பான், அத்தோடு சரி. அச்சுக்குப் போகும் முன் இதைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன் மாற்றச் சொல்ல, பாழடைந்த தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியேறும் முடிவு வந்தது. பழைய முடிவு டிக்கன்ஸ் இறந்த பிறகு, அவர் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியானது. பல பதிப்புகளில் பின்னிணைப்பாகச் சேர்த்திருப்பார்கள், உன் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன், 58ஆம் அத்தியாயம் வரை வந்துவிட்டு இங்கேயே எழுது.