மறுமொழி: கப்பி வளர்ப்பில் ‘கல்லிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். கப்பி என்ற சிறு அலங்கார மீனை வளர்ப்பவர்கள், குறையுள்ள மீன்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குவதைக் ‘கல்லிங்’ (culling) என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘கொன்றகற்றல்’ என்றே வைத்துவிடலாம். பொருள் நேராகப் புரிகிறது.

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு வருடமாக மொட்டை மாடியில் கப்பி வளர்க்கிறேன். முதுகு வளைந்தது, வால் சரியாக விரியாதது, நிறம் திட்டுத்திட்டாக வந்தது என்று எதைப் பிரித்தாலும் அது வேறு தொட்டிக்குத்தான் போகும். அங்கிருந்து தெரிந்தவர் வீட்டுத் தாமரைத் தொட்டிக்கு, கொசுப்புழு தின்ன. (ஏரி குளத்தில் விடவே கூடாது, அங்குள்ள நாட்டு மீன்களுக்குக் கேடு.) அந்த மீன் நன்றாகத்தான் வாழ்கிறது. அதன் குட்டிகள் மட்டும் நம் வரிசைக்குள் வராது. நாம் தேடும் சொல் இதைச் சொல்ல வேண்டும்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று வளர்க்காதவர்கள் கேட்கலாம். பெண் கப்பி ஒருமுறை இணைந்தால் போதும், அந்த விந்தை மாதக்கணக்கில் உடலில் வைத்துக்கொண்டு நான்கு வாரத்துக்கு ஒருமுறை போலக் குட்டி போடும். ஒரு தடவை இளம் ஆண் ஒன்றைப் பிரிக்காமல் விட்டுவிட்டேன். பார்த்துப் பார்த்து எடுத்துவைத்த பெண் மீன்கள் எல்லாம் அதனிடம் சினையாகி, நான்கு மாத உழைப்பு போயிற்று. இன்னொன்று, ஆணின் சில அடையாளங்கள் ஒய் குரோமோசோமோடு அப்படியே மகன்களுக்கு இறங்கும். கப்பியின் முதுகுத் துடுப்பில் இருக்கும் ஒரு கரும்புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவதை டென்மார்க்கின் யோஹான்னஸ் ஷ்மிட் 1920இலேயே காட்டிவிட்டார். குறையுள்ள ஓர் ஆண் உள்ளே இருந்தால் அதன் மகன்கள் அத்தனையிலும் அந்தக் குறை தொடரலாம்.

சரி, இதுவரை வந்த சொற்களுக்கு வருகிறேன்.

‘கல் பண்ணிட்டேன்’ என்று குழுக்களில் எழுதுகிறோம். தமிழில் படிப்பவருக்கு முதலில் கருங்கல்தான் நினைவுக்கு வரும். ‘கழித்தல்’ கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. ‘கழிச்சல்’ என்றால் கோழி வளர்ப்பவருக்கு வெள்ளைக் கழிச்சல் நோய். ‘களைமீன்’ அழகான சொல், ஆனால் கெண்டை வளர்க்கும் குளங்களில் தானாக வந்து சேரும் வேண்டாத மீன்களுக்கு அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது.

‘ஒதுக்கல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது, பேச்சிலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் இட ஒதுக்கீடு என்கிறோமே, அங்கே ஒதுக்குவது ஒருவருக்கென்று எடுத்துவைப்பது. ‘இந்த மூன்று ஆணையும் ஒதுக்கிவிட்டேன்’ என்றால் இணை சேர்க்க வைத்திருக்கிறேனா, வேண்டாமென்று தள்ளினேனா? நேரெதிரான இரண்டு பொருள்.

‘கலவன்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விதைப்பண்ணையில் இனத்துக்கு ஒவ்வாத செடிகளைப் பிடுங்குவதைக் கலவன் நீக்குதல் என்கிறார்கள். செய்யும் வேலை ஒன்றேதான், அதனால் போன வாரம் நானே இதை முன்மொழிந்தேன். யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய பதிலைப் பார்த்ததும் கைவிட்டேன். அவர்கள் ஊரில் கலவன் பாடசாலை என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளி. ‘கலவன் தொட்டி’ என்று எழுதினால் ஆண், பெண் மீன்களைச் சேர்த்து விட்ட தொட்டி என்றே அங்கே படிப்பார்கள். மூன்று, நான்கு வாரத்திலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்தாக வேண்டிய தொழிலில் அந்தக் குழப்பம் மீனுக்கே ஆபத்து.

என் முன்மொழிவு: வழிநீக்கம்.

வழித்தோன்றல், கால்வழி என்பதில் வரும் ‘வழி’ இது. பணிநீக்கம், பதவிநீக்கம் போன்ற அமைப்பு. பணியிலிருந்து நீக்கப்பட்டவர் உயிரோடுதான் இருக்கிறார், அந்தப் பணியில் மட்டும் இல்லை. மீனுக்கும் அதேதான். வினையாகவும் வளைகிறது: வழிநீக்கினேன், வழிநீக்கிய ஆண், வழிநீக்கத் தொட்டி. சாலை என்ற பொருள் குறுக்கிடும் என்று தோன்றினால் கட்டுரையில் முதல்முறை ‘கால்வழி நீக்கம்’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

இதை ஏற்றால் ‘ஸ்ட்ரெயின்’ (ஒரே அடையாளங்களோடு தலைமுறையாக வரும் மீன் வரிசை) என்பதற்குக் கால்வழி, ‘லைன் பிரீடிங்’ (அந்த வரிசைக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்குவது) என்பதற்குக் கால்வழிப் பெருக்கம் என்று ஒரே வேரில் அமைகிறது. ‘அவுட்கிராஸ்’ (வேறு வரிசை மீனைக் கொண்டுவந்து இணைசேர்ப்பது) என்பதற்குப் ‘பிறவழிக் கலப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், அதில் முழு நிறைவில்லை. ஆடு, மாடு வளர்ப்பவர்கள் வெளியூர்க் கிடாவை, காளையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு உங்கள் பக்கம் என்ன சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.