பந்திப்பூர், முதுமலை ரோட்ல யானை மறிச்ச அனுபவம் இருக்கா? உங்க கதையையும் போடுங்க

நாங்க பெங்களூர் அல்சூர்ல இருக்கோம், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஊட்டி போயிடுவோம், எப்பவும் மைசூர், குண்டல்பேட், பந்திப்பூர், முதுமலை வழிதான். போன மார்ச்ல அத்தையும் கூட வந்தாங்க. பந்திப்பூர் ரோட்டை ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க, 2009ல இருந்தே இந்த ரூல் இருக்கு, அதனால விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம்.

நஞ்சன்கூடுகிட்ட ரோட்டோரம் அந்த ஊர் ரசபாளே வாழைப்பழம் வித்தாங்க. ஒரிஜினலான்னு கேக்காதீங்க, வாசனை மட்டும் கார் முழுக்க தூக்கிடுச்சு. ரெண்டு சீப்பு வாங்கி அத்தை மடியிலயே வெச்சுக்கிட்டாங்க, ஜன்னலையும் இறக்கி விட்டாச்சு.

மார்ச்ல காடு காஞ்சு கிடக்கும், போட்டோவுக்கு சுமார்தான், ஆனா மிருகம் நல்லா தெரியும். மான், மயில் எல்லாம் பார்த்துட்டே கக்கநல்லா செக்போஸ்ட்ல இ-பாஸ் காட்டி, பிளாஸ்டிக் பாட்டில் செக்கிங் முடிச்சு முதுமலைக்குள்ள கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், முன்னாடி போன கர்நாடகா பஸ் டக்குன்னு நின்னுடுச்சு. பஸ்ஸுக்கு முன்னால ஒத்தை ஆண் யானை. எங்க முன்னாடி கார்ல இருந்து ஒரு பையன் மொபைலோட இறங்குறான், பஸ் டிரைவர் தலையை வெளிய நீட்டி "ஒளகே ஹோகி, ஒளகே ஹோகி"ன்னு (உள்ள போங்கன்னு) கன்னடத்துல கத்துறார். யானை அவனைக் கண்டுக்கவே இல்ல, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடிச்சுட்டு பஸ்ஸை ஒட்டியே நடந்து நேரா எங்களைப் பார்த்து வருது!

எனக்கு கை கால் ஓடல. அத்தை கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "பிள்ளையாரே வந்திருக்காரு, ஒரு பழம் குடுத்துட்டுப் போலாம்டா"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றாங்க. நான் சீப்பைப் பிடுங்கி துப்பட்டாவுல சுத்தி காலடியில போட்டேன், அவர் கண்ணாடியை ஏத்திட்டு ஹாரன் அடிக்காம மெதுவா ரிவர்ஸ் எடுத்தார். ரெண்டு ஆள் தூரத்துல வந்து நின்னுச்சு, காதை விரிச்சு ஒரு பார்வை பார்த்துச்சு, அப்புறம் என்ன தோணுச்சோ உண்ணிச்செடிக்குள்ள இறங்கிடுச்சு.

தெப்பக்காட்டுல ஒரு ஃபாரஸ்ட் வாட்சர் அண்ணன்கிட்ட சொன்னா அவர் எங்களைத்தான் திட்டினார். "பழ வாசனை அதுக்கு எங்கிருந்தாலும் தெரியும்மா. இன்னைக்கு நீங்க குடுத்தா நாளைக்கு அது அடுத்த காரை நிறுத்தும்."

* * *

அந்த வாட்சர் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட் சிஸ்டர். நான் பொம்மனஹள்ளி, சொந்த ஊர் கோபி, சாம்ராஜ்நகர் வழியா திம்பம் இறங்கிப் போவேன். அங்க ஆசனூர் பக்கம் காரப்பள்ளம் செக்போஸ்ட்கிட்ட கரும்பு லாரிக்காகவே யானை நிக்கும். டிரைவருங்க பாவம்னு நாலு கரும்பைப் போட்டுப் போட்டு பழக்கிட்டாங்க, இப்போ அதுங்களே லாரியை மறிச்சு உருவுது, குட்டியும் அம்மாவைப் பார்த்துக் கத்துக்குது. ஒரு தடவை லாரிக்குப் பின்னாடி முக்கால் மணி நேரம் மாட்டினேன். 27 கொண்டை ஊசி வளைவு கூட கஷ்டமா தெரியல, அந்த முக்கால் மணி நேரம்தான் உயிரே போச்சு.

* * *

எல்லாரும் குடுத்து வெச்சவங்க. நான் எட்டு தடவை போயிட்டேன், யானை சாணி மட்டும்தான் பார்த்திருக்கேன் 😂 போறது எல்லாம் செப்டம்பர்ல, ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிக்குது, அதுக்குப் பின்னாடி ஒரு கூட்டமே நின்னாலும் தெரியாது. என்னோட அனுபவம் எல்லாம் மசினகுடியில இருந்து கல்லட்டி ஏறும்போதுதான், 36 வளைவு, பாதியிலயே கிளட்ச் கருகின வாசனை. திரும்பும்போது அதே வழியா இறங்கலாம்னு நினைக்காதீங்க, நம்ம கர்நாடகா நம்பர் வண்டியை விட மாட்டாங்க, கூடலூர் சுத்தித்தான் வரணும். அது இருக்கட்டும் சிஸ்டர், அந்தப் பழம் என்னாச்சு?

* * *

அதை ஏன் கேக்குறீங்க. ஊட்டி போற வரைக்கும் அத்தை ஒருத்தரையும் தொட விடல. பிள்ளையார் மோந்து பார்த்ததாம், அதனால பிரசாதமாம். லாட்ஜ்ல ரூம் பாய்ல இருந்து பக்கத்து ரூம் சேட்டு குடும்பம் வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்து, கன்னத்துல போட்டுக்கச் சொல்லிட்டாங்க. எனக்குக் கிடைச்சது நசுங்கின பாதிதான்.