ஹெல்ப் டு பை கடன கட்டி முடிக்க வேல்யுவேஷன்: கம்மியா வர வைக்கலாமா?

டிட்காட் வாசி:
வணக்கம் மக்களே. 2019 கடைசில இங்கிலாந்துல டிட்காட்ல புது வீடு வாங்குனோம், 4 லட்சம் பவுண்டு. அதுல 20 ஆயிரம் எங்க கைக்காசு, 3 லட்சம் மார்ட்கேஜ் (பேங்க் வீட்டுக்கடன்), மிச்சம் 80 ஆயிரம் ஹெல்ப் டு பை, அதாவது புது வீடு வாங்க அரசாங்கம் குடுத்த பங்குக் கடன், வீட்டு விலைல 20 சதவீதம். அஞ்சு வருசம் வட்டியே இல்லாம மாசம் 1 பவுண்டு மட்டும் எடுத்துட்டு இருந்தாங்க, இப்ப 1.75 சதவீத வட்டி ஆரம்பிச்சு மாசம் 117 பவுண்டு கிட்ட போகுது, அதுல அசல் ஒரு பென்ஸ் கூட குறையாதுங்கறது இப்பதான் ஒழுங்கா உறைக்குது. மார்ட்கேஜ்ல வட்டி மாறாத ஃபிக்ஸ்டு டீலும் முடியப்போகுது, ரீமார்ட்கேஜ் பண்ணி, அதாவது புது மார்ட்கேஜ் போட்டு, மொத்தமா அடைச்சிரலாம்னு ஒரு எண்ணம். நாம வாங்குன 80 ஆயிரத்த திருப்பி கட்டுனா போதாதாம், இன்னிக்கு வீட்டு மதிப்புல 20 சதவீதம் கட்டணுமாம். அதுக்கு ஆர்ஐசிஎஸ்ங்கற தொழில் சங்கத்துல பதிவான, வீட்டு மதிப்பு போடற சர்வேயர் வந்து பாத்து ரிப்போர்ட் தரணும். பக்கத்து வீட்டுக்காரர் "சர்வேயர்ட்ட முன்னாடியே பேசி கம்மியா போட வைங்க"ங்கறார். யாராச்சும் பண்ணிருக்கீங்களா?

கணக்குப்பிள்ளை:
பண்ணாம விட்டாதான் தப்பு. 10 ஆயிரம் கம்மியா வந்தா உங்களுக்கு 2 ஆயிரம் மிச்சம், லண்டன்ல 40 சதவீதம் வாங்குனவனுக்கு 4 ஆயிரம். நாலஞ்சு சர்வேயருக்கு ஃபோன் போட்டு "இது ஹெல்ப் டு பை கடன அடைக்கிற ரிடெம்ப்ஷன், வீடு விக்கல"ன்னு முதல்லயே சொல்லிருங்க, அவங்களுக்கே புரியும். தண்ணி கசிஞ்ச கறை, உடஞ்ச வேலி எதயும் சரி பண்ணாதீங்க. வீட்ட துடச்சு மெழுகுவத்தி ஏத்தி வைக்கிறதெல்லாம் விக்கும்போது பாத்துக்கலாம். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்.

ஹரோ அண்ணை:
தம்பி கணக்குப்பிள்ளை, அளந்து போடுறது சரி, படியை நெளிச்சுப்போட்டு அளக்கிறது வேற. சர்வேயர் எண்டவர் ரெட் புக் எண்டு சொல்லுற விதிக்குக் கட்டுப்பட்டவர். உள்ளுக்க வந்து பாக்க வேணும், பக்கத்தில வித்த மூண்டு வீடாவது காட்டி எழுத வேணும், அதுவும் உங்கட வீட்டின்ர அளவு, வயசு, வகைக்குக் கிட்டின வீடுகள், 2 மைல் சுற்றுக்குள்ள. சொந்தக்காரரா இருக்கக் கூடாது, எஸ்டேட் ஏஜென்ட்டோட தொடர்பு இருக்கக் கூடாது. "குறைச்சுப் போடுங்கோ" எண்டு கேட்டா நல்ல ஆள் அந்த வேலையையே எடுக்க மாட்டார். கெட்ட ஆள் எடுத்தா, அந்த ரிப்போர்ட்டைக் கடன் நிர்வாகம் செய்யிற கொம்பனி திருப்பி அனுப்பினா கட்டின காசும் போச்சு, நேரமும் போச்சு.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, லஞ்சம் குடுங்கன்னா சொன்னேன்? வேல்யுவேஷன் ஒரு அபிப்ராயம்தான். ஒரே வீட்ட மூணு பேர் பாத்தா மூணு ரேட்டு வரும். அதுல கீழ இருக்கறது எனக்கு கிடைக்கட்டும்ங்கறேன், அவ்ளோதான். அரசாங்கத்துக்கு பாவம் பாக்கறீங்களா? இந்த ஸ்கீம்னால யாரு கொழுத்தாங்கன்னு தெரியாதா? பெர்சிமன்ங்கற வீடு கட்டுற கம்பெனியோட சிஇஓ 75 மில்லியன் பவுண்டு போனஸ் சர்ச்சைல 2018ல பதவிய விட்டே போனாரு. நாம 2 ஆயிரம் மிச்சம் பண்றது உங்க கண்ண உறுத்துது.

ஹரோ அண்ணை:
அவன் விழுங்கினவன் எண்டு நாங்களும் விழுங்கலாமோ? விசர்க்கதை. இது வரிக்காசு.

காவிரிக்கரை:
சண்டைய கொஞ்சம் நிறுத்துங்க. டிட்காட் வாசி, முதல்ல ஏன் கட்டணும்னு ஒரு கேள்வி இருக்கு. எங்க ஊர்ல நிலத்த ரெண்டு விதமா விடுவாங்க. குத்தகைன்னா வெளஞ்சாலும் வெளையாட்டியும் இத்தன மூட்டைன்னு அளந்துறணும். வாரம்னா வெளஞ்சதுல பங்கு, காஞ்சு போனா நஷ்டத்துலயும் பங்கு. மார்ட்கேஜ் குத்தகை மாதிரி, ஹெல்ப் டு பை வாரம் மாதிரி. வீடு விலை விழுந்தா அரசாங்கமும் சேந்து விழும், பேங்க் விழாது. 1.75க்கு வாரத்துல கிடைக்கிற காச எதுக்கு 4.5 குத்தகைக்கு மாத்தறீங்க? உங்க வீடு இன்னிக்கு 4 லட்சத்து 60 ஆயிரம்னு வைங்க, கட்ட வேண்டியது 92 ஆயிரம். அத மார்ட்கேஜ்ல சேத்தா 4.5 சதவீதத்துக்கு வருசம் 4,140 வட்டி. இப்ப நீங்க குடுக்கறது 1,400தான், ஏன்னா அந்த 1.75 பழைய 80 ஆயிரத்து மேலதான் கணக்கு. நான் கட்டவே இல்ல, கட்டவும் போறதில்ல, 25 வருசம் டைம் இருக்கு.

டிட்காட் வாசி:
ஆனா அந்த 1.75 வருசா வருசம் ஏறுமே? ஆர்பிஐ, அதாவது விலைவாசி ஏத்தத்தோட அளவு, அது கூட 1 சேத்துன்னு போட்டிருக்கு, ஆர்பிஐ 4 இருந்தா 6.75 ஆயிருமா? அத பாத்துதான் பயந்துட்டேன்.

காவிரிக்கரை:
இல்லங்க, நிறைய பேர் இங்கதான் வழுக்குறாங்க. ஆர்பிஐ 4ன்னா 5 சதவீதம் ஏறும், ஆனா அந்த 1.75ல 5 சதவீதம், அதாவது ஏப்ரல்ல 1.84 ஆகும். 2021ல வந்த புது ஸ்கீம்ல வாங்குனவங்களுக்கு ஆர்பிஐ இல்ல, சிபிஐங்கற இன்னொரு விலைவாசி அளவு கூட 2. ரெண்டுமே மெதுவா ஏறுற படிதான்.

ஹரோ அண்ணை:
காவிரிக்கரை, வார உதாரணம் வடிவா இருக்கு, ஆனா பாதியில விட்டிட்டியள். வெளைச்சல் நல்லா வந்தா பங்கும் பெருக்குமே, அதை ஏன் கணக்கில எடுக்கேல்ல? வீடு வருசம் 3 சதவீதம் ஏறினா அந்த 92 ஆயிரம் அடுத்த வருசம் 2,760 கூடும். அதோட 1,400 வட்டியைச் சேருங்கோ, 4,160. மார்ட்கேஜ் வட்டி 4,140. ரெண்டும் ஒண்டுதான். 3க்கு மேல ஏறும் எண்டு நினைச்சா இப்ப கட்டுறது நல்லம், ஏறாது எண்டா விடுங்கோ. 1.75 எண்ட இலக்கத்தை மட்டும் பாத்து மலிவு எண்டு சொல்லுறது, சீலையின்ர தலைப்பை மட்டும் பாத்துப்போட்டு வாங்கிற மாதிரி.

காவிரிக்கரை:
ஒத்துக்கறேன், ஆனா டிட்காட்ல வருசம் 3 ஏறும்னு யாரு கையெழுத்து போட்டு குடுத்தா? 2021 கடைசி வரைக்கும் பேங்க் ஆஃப் இங்கிலாந்து ரேட்டு 0.1, 2023 ஆகஸ்ட்ல 5.25. அப்டி ஆகும்னு யாரும் சொல்லல.

மீன்கொழம்பு:
எல்லாரும் வீடு ஏறுறத பத்தியே பேசறீங்க, எங்க ஃபிளாட்ட வந்து பாருங்க. கிராய்டன், 2017ல 4 லட்சத்து 50 ஆயிரம், லண்டன்ங்கறதால 40 சதவீதம் ஹெல்ப் டு பை, 1 லட்சத்து 80 ஆயிரம். கட்டடத்து வெளிச்சுவர் தீ பாதுகாப்பு பிரச்சனைல, ரெண்டு வருசம் அத சோதிச்சு தர்ற ஈடபிள்யூஎஸ்1 சர்டிபிகேட் இல்லாம விக்கவும் முடியல, ரீமார்ட்கேஜும் முடியல, அதெல்லாம் முடிஞ்சு வேல்யுவேஷன் எடுத்தா 4 லட்சத்து 5 ஆயிரம். அழுதேன். அப்பறம் எங்க வீட்டுக்காரர் உக்காந்து கணக்கு போட்டார், 40 சதவீதம்னா 1 லட்சத்து 62 ஆயிரம், வாங்குனத விட 18 ஆயிரம் கம்மியா கட்டுனா போதும். மிச்ச 27 ஆயிரம் நஷ்டம் எங்க தலைல. 18 ஆயிரம் சந்தோஷமும் 27 ஆயிரம் துக்கமும் ஒரே பேப்பர்ல, எதுக்கு மொகத்த எப்டி வச்சுக்கறதுன்னே தெரியல. புது வீடுன்னு கூட வச்சு வித்த விலை நாம சாவி வாங்கி கதவ தெறந்த அன்னிக்கே போயிருது, அதனால கணக்குப்பிள்ளை சார் சொல்ற தந்திரம் ஒண்ணும் பண்ணாமயே பல பேருக்கு கம்மியாத்தான் வருது.

அளவுகோல்:
நான் இந்த லைன்ல ஆபீஸ் வேல பாக்கறேன், சர்வேயர் இல்ல. ரிப்போர்ட் டைப் ஆகி போறத தினம் பாக்கறதால ரெண்டு மூணு விஷயம் சொல்றேன். கறை, வேலி, கழுவாத பாத்திரம் இதெல்லாம் பாத்து யாரும் 10 ஆயிரம் குறைக்க மாட்டாங்க. விலைய தீர்மானிக்கிறது பக்கத்துல உண்மையா வித்த வீடுங்கதான். லேண்ட் ரெஜிஸ்ட்ரில வித்த விலை எல்லாருக்கும் தெரியும், ஈபிசிங்கற வீட்டு எனர்ஜி சர்டிபிகேட் பதிவேட்டுல எத்தன சதுர மீட்டர்ங்கறதும் இலவசமா கிடைக்கும். ரெண்டையும் வச்சு உங்க தெருவுல சதுர மீட்டருக்கு என்ன போயிருக்குன்னு ஒரு தாள்ல எழுதி சர்வேயர் கைல குடுங்க. அது தப்பே இல்ல, குறைவா போனது ஒசந்து போனது ரெண்டையும் குடுங்க, குறைவா போனத மட்டும் பொறுக்கி குடுத்தா அவருக்கு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிரும். ரிப்போர்ட் வந்து அதுல ஒரு ஒப்பீடு நெஜமாவே தப்புன்னா, உதாரணமா மூணு பெட்ரூம் வீட்டோட நாலு பெட்ரூம ஒப்பிட்டிருந்தா, எழுதி கேக்கலாம், திருத்துவாங்க. "எனக்கு ஜாஸ்தியா தோணுது"ன்னா திருத்த மாட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
பாத்தீங்களா, கடைசில நான் சொன்னதத்தான் மரியாதையா சொல்றாரு.

ஹரோ அண்ணை:
இல்லை, ரெண்டையும் குடு எண்டு சொல்லுறார். நீங்கள் ஒண்டை ஒளிச்சு வைக்கச் சொன்னனீங்கள்.

டிட்காட் வாசி:
இன்னொரு குழப்பம். மார்ட்கேஜ் பாக்கி 2 லட்சத்து 58 ஆயிரம். 4 லட்சத்து 60 ஆயிரம்னு வந்தா 92 ஆயிரம் சேத்து மொத்தம் 3 லட்சத்து 50 ஆயிரம் கடன் வேணும், அது வீட்டு மதிப்புல 76 சதவீதம். 75க்குள்ள வந்தா ரேட்டு கம்மிங்கறார் புரோக்கர். அப்ப கடன் கட்ட வீட்டு மதிப்பு கம்மியா வேணும், பேங்க்ல வாங்க ஜாஸ்தியா வேணும்!

கணக்குப்பிள்ளை:
ஹாஹா, காலைல ஏழை சாயங்காலம் பணக்காரன். 

அளவுகோல்:
பேங்க் தனியா ஒரு மதிப்பு எடுக்கும், பல நேரம் ஆளே வராம கம்ப்யூட்டர்லயே. உங்க ரிப்போர்ட்டுதான் அதுக்கும்னு இல்ல. ரெண்டும் வேற வேற நம்பரா வர்றது சகஜம், ஆனா ரெண்டையும் உங்க இஷ்டத்துக்கு வளைக்கலாம்னு நெனச்சு பிளான் போடாதீங்க. இந்த கணக்குல வட்டி 0.15 சதவீத வித்தியாசம்னா வருசம் 525 பவுண்டு, 10 ஆயிரம் மதிப்பு வித்தியாசம்னா ஒரே தடவ 2 ஆயிரம், அத மனசுல வச்சுக்கங்க. மொத்தமா முடியலன்னா பாதி கட்டலாம், ஆனா குறைஞ்சது இன்னிக்கு மதிப்புல 10 சதவீதம், உங்களுக்கு 46 ஆயிரம். மாசம் ஆயிரம் ரெண்டாயிரம்னு சேத்து அடைக்க வழி இல்ல.

காவிரிக்கரை:
அது பெரிய அநியாயம், அத பத்தி யாரும் பேசறதில்ல. ஊர்ல கந்து வட்டிக்காரன் கூட கொஞ்சம் கொஞ்சமா வாங்கிப்பான்.

ஹரோ அண்ணை:
இன்னுமொண்டு தம்பி, அந்த ரிப்போர்ட் மூண்டு மாசத்துக்குத்தான் செல்லும். அதுக்குள்ள மார்ட்கேஜ் ஒஃபர், சொலிசிட்டர், கடன் குடுத்த அரசாங்க அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்து பக்கத்துப் பேப்பர், 200 பவுண்டு நிர்வாகக் கட்டணம் எல்லாம் முடிய வேணும். பிந்தினா அதே சர்வேயரிட்டக் காசு குடுத்துப் புதுப்பிக்க வேணும், அதுக்குள்ள விலை ஏறினா உங்கட தலையெழுத்து. என்ர மருமகன் முதல் ரிப்போர்ட்டை எடுத்துப்போட்டுத்தான் புரோக்கரைத் தேடப் போனவர், பிறகு ரெண்டாந்தரமும் காசு கட்டினவர். முதல்ல மார்ட்கேஜைக் கதைச்சு வைச்சிட்டு பிறகு சர்வேயரைக் கூப்பிடுங்கோ.

டிட்காட் வாசி:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். சர்வேயர் வந்தாரு, இருவது நிமிஷம், லேசர் வச்சு அளந்தாரு, மாடிக்கு போனாரு, தோட்டத்த எட்டி பாத்தாரு, டீ வேணாம்னுட்டாரு. அளவுகோல் சொன்ன மாதிரி ஆறு வீட்டு விலை எழுதி குடுத்தேன், கம்மி மூணு ஜாஸ்தி மூணு. மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு, படிச்சாரான்னு தெரியாது. 4 லட்சத்து 52 ஆயிரம் போட்டிருக்காரு. கட்ட வேண்டியது 90,400. பேங்க் மதிப்பு 4 லட்சத்து 60 ஆயிரம்.

கணக்குப்பிள்ளை:
அட்றா சக்க! வேலிய சரி பண்ணலதான?

டிட்காட் வாசி:
பண்ணல, ஆனா அது சோம்பேறித்தனம். மொத்த கடன் 3,48,400 ஆகுது, 75க்குள்ள வர இன்னும் 3,400 கைல இருந்து போடணும். டிசம்பர்ல ஊருக்கு போக டிக்கெட்டுக்கு வச்சிருந்த காசு அது. வீட்டம்மா ரெண்டு நாளா பேசல.

காவிரிக்கரை:
அப்பவே சொன்னேன், விட்டுருக்கலாம்னு.

மீன்கொழம்பு:
76லயே எடுத்துட்டு டிக்கெட்ட போடுங்க அண்ணா. வருசத்துக்கு 500 பவுண்டு பாத்து அப்பா அம்மாவ பாக்காம இருக்காதீங்க.

ஹரோ அண்ணை:
அதை அவையள் வீட்டில கதைச்சு முடிவெடுக்கட்டும். தம்பி, ரிப்போர்ட் எந்தத் தேதியோட முடியுது?

டிட்காட் வாசி:
செப்டம்பர் 19. சொலிசிட்டர் ஆகஸ்ட்ல மூணு வாரம் லீவுன்னு ஆட்டோ ரிப்ளை வருது.

ஹரோ அண்ணை:
ஈமெயிலை விட்டிட்டு ஃபோனை எடும் தம்பி. அவரின்ர கந்தோரில இப்ப ஃபைல் ஆற்ற கையில எண்டு பேர் கேட்டு எழுதி வையும்.