பழைய இன்னோவா: ஸ்டியரிங் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி
2009 இன்னோவா, 2.5 டீசல். ஸ்டியரிங் ஆயில் கறுத்து, கருகிய வாடை அடிக்கிறது. ஃபுல் கட் அடித்தால் முனகல். கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. என்ன ஆயில், எவ்வளவு வேண்டும்? டேங்கிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றினால் போதுமா?

பதில் 1
டெக்ஸ்ரான் 2 அல்லது 3 ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்; இதன் ஸ்டியரிங்குக்கும் அதுதான்). உள்ளே பிடிப்பது சுமார் 1 லிட்டர். பழையதைத் தள்ளி வெளியேற்றவும் சேர்த்து 2 லிட்டர் வாங்குங்கள்.

சிரிஞ்ச் முறை தப்பில்லை, ஆனால் கணக்கு உதைக்கும். டேங்கில் 300 மில்லி வருகிறது என்றால் ஒரு தடவைக்கு 30 சதவீதம்தான் மாறும். 4 தடவை செய்தாலும் கால்வாசி பழைய ஆயிலே. கருகிய வாடை வந்துவிட்டதால் ரிட்டர்ன் ஹோஸை (ஆயில் டேங்குக்குத் திரும்பி வரும் குழாய்) கழற்றுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து முன் சக்கரம் இரண்டையும் தூக்குங்கள். டேங்கில் இரண்டு ஹோஸ் இருக்கும்: தடித்தது பம்புக்குப் போவது, மெலிந்தது ரிட்டர்ன். மெலிந்ததைப் பிடுங்கி, ஒரு டியூப் சொருகி பாட்டிலுக்குள் விடுங்கள். டேங்க் பக்கத்து வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் நொடிகளில் டேங்க் காலியாகி பம்ப் வறண்டு ஓடும். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்து, ஒருவர் மெதுவாக இடமும் வலமும் முழுக்கத் திருப்ப, இன்னொருவர் டேங்க் வற்றாமல் ஊற்ற வேண்டும். டியூபில் தெளிந்த சிவப்பு வந்ததும் நிறுத்தி ஹோஸை மாட்டலாம்.

பிறகு ஏர் எடுப்பது, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது. இன்ஜின் ஓடாமலே 15, 20 தடவை திருப்பி, அளவு பார்த்து ஊற்றி, அதன் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கடைசி வரை திருப்பி 5 நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அந்த நிலையில் அழுத்தம் மிஞ்சி, பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, அதே ஆயில் உள்ளேயே சுற்றிக் கொதிக்கும்.

பதில் 2
அருமையாகச் சொன்னீர்கள் அண்ணே. ஒன்று சேர்க்கிறேன்: மாற்றிய பிறகும் முனகினால், டேங்கின் அடியில் உள்ள வலை அடைத்திருக்கலாம். அல்லது தடித்த ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் ஆயில் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். டேங்கில் நுரை தெரியும். ஸ்டியரிங் ராக்கின் (முன் சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) இரு முனை ரப்பர் உறைகளையும் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் இருந்தால் ராக் சீல் போயிருக்கிறது. அதற்கு ஆயில் மாற்றம் மருந்தல்ல.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. மிச்ச ஆயிலை வீட்டில் இருக்கும் பழைய ஹோண்டாவுக்கு ஊற்றலாமா?

பதில் 1
வேண்டாம். ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள ஹோண்டாவுக்கு ஹோண்டாவின் சொந்த ஸ்டியரிங் ஆயிலான பிஎஸ்எஃப் மட்டும்தான். பிரேக் ஆயிலை எந்த வண்டியின் ஸ்டியரிங் டேங்கிலும் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் ஊதிப்போகும். பழைய ஆயிலை சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மில் சேர்த்துவிடுங்கள்.