பேட்டரி ஃபுல், ஆனா ஃபிரிட்ஜ் கிளம்பினா இன்வெர்ட்டர் ஆஃப். அவசரம்!

கதிர்_ஒளி:
850 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி, எல்லாம் புதுசு. நானே கனெக்ஷன் கொடுத்தேன். ஃபேன், லைட் நல்லா ஓடுது. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பினதும் 'லோ பேட்டரி' பீப் அடிச்சு அணைஞ்சுடுது. மீட்டர்ல 12.7 வோல்ட் இருக்கு. என்ன பண்ணலாம்?

ஆம்பியர்72:
பேட்டரி லெட் ஆசிட்டா, லித்தியமா? இன்வெர்ட்டர் வரைக்கும் எத்தனை மீட்டர், எத்தனை ஸ்கொயர் எம்எம் (செம்போட குறுக்குவெட்டுப் பரப்பு) கேபிள்? 12.7 லோடு இல்லாம பார்த்ததா?

டிஸ்டில்வாட்டர்:
செல் கோளாறுதான். லோடு இல்லாதப்போ 12.7 காட்டும், இழுத்தா படுத்துடும். ஃபுல் சார்ஜ் ஏத்திட்டு ஹைட்ரோமீட்டர்ல (ஆசிட்டோட அடர்த்தி பார்க்கிற கருவி) ஆறு செல்லையும் பாருங்க. ஒண்ணு மட்டும் மத்ததை விட 0.05 குறைஞ்சிருந்தா அந்த செல் போச்சு.

மூத்தவர்_மின்:
விஏ வேற, வாட் வேற. இந்த அடிப்படைகூடத் தெரியாம ஏன் வயர்ல கை வைக்கிறீங்க? பவர் ஃபேக்டர் (விஏல வாட்டா கிடைக்கிற பங்கு) 0.8னா 850 விஏ = 680 வாட். ஃபிரிட்ஜ் ஓடும்போது 120 வாட்தான், கிளம்பும்போது அதைப் போல 5, 6 மடங்கு இழுக்கும். முதல்ல கணக்கு, அப்புறம் கனெக்ஷன்.

கதிர்_ஒளி:
ட்யூபுலர், லெட் ஆசிட்லயே ஒரு வகை. 4 மீட்டர். மிச்சம் கிடந்த 4 ஸ்கொயர் வயர்.

ஆம்பியர்72:
அங்கதான் பிரச்சினை. கிளம்பும்போது 700 வாட்னு வைங்க. 700 ÷ (12 × 0.85) = கிட்டத்தட்ட 69 ஆம்பியர் (0.85ங்கிறது இன்வெர்ட்டரோட எஃபிஷியன்சி). 4 ஸ்கொயர் செம்புக்கு மீட்டருக்கு 4.6 மில்லி ஓம். போக வர 8 மீட்டர், ஆக 37 மில்லி ஓம். வயர்லயே 2.5 வோல்ட் காலி. பேட்டரி முனையில 12 இருந்தாலும் இன்வெர்ட்டருக்கு 9.5தான் போய்ச் சேரும். பல இன்வெர்ட்டர் 10.5லயே கட் பண்ணிடும்.

உறுதி பண்ண: மீட்டரை மினிமம் ஹோல்டுல (இறங்கின குறைஞ்ச வோல்ட்டைப் பிடிச்சு வைக்கிற மோடு) வச்சு, கம்ப்ரஸர் கிளம்புற நேரத்துல பேட்டரி முனையில ஒரு தடவை, இன்வெர்ட்டரோட டிசி முனையில ஒரு தடவை பாருங்க. பேட்டரியிலயே 11க்குக் கீழ விழுந்தா டிஸ்டில்வாட்டர் சொன்னது சரி. இன்வெர்ட்டர் பக்கம் மட்டும் விழுந்தா கேபிள், இல்லன்னா லூஸ் லக் (கேபிள் முனையில மாட்டுற உலோக வளையம்).

தீர்வு: இன்வெர்ட்டரை 1.5 மீட்டருக்குள்ள நகர்த்துங்க. 25 ஸ்கொயர் கேபிள், கிரிம்ப் பண்ண (அழுத்தி இறுக்கின) லக். இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்ள அடங்கிடும். பாசிட்டிவ்ல, பேட்டரிக்கு ஒட்டியே, 100 ஆம்பியர் டிசி ஃபியூஸ்.

லித்தியம்_பிரியன்:
எதுக்கு இவ்வளவு பாடு? லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடுங்க, லோடுல வோல்ட் அவ்வளவா இறங்காது.

மூத்தவர்_மின்:
பேட்டரியை மாத்தினா வயரோட ரெசிஸ்டன்ஸ் குறையுமா? அந்த 2.5 வோல்ட் அப்படியேதான் போகும். சார்ஜரையும் பார்க்கணும். ட்யூபுலர் மோடுல ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்த ஏத்துற கூடுதல் சார்ஜ்) 15 வோல்ட்டைத் தாண்டும், 4 செல் லித்தியம் பேக்ல பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) கட் பண்ணிடும்.

லித்தியம்_பிரியன்:
ஈக்வலைஸை ஆஃப் பண்ணி 14.4ல நிறுத்தினா போதுமே.

மூத்தவர்_மின்:
அந்த செட்டிங் எல்லா இன்வெர்ட்டர்லயும் இருக்கா? மாடலே கேட்காம பேட்டரியை மாத்தச் சொல்றீங்க.

கதிர்_ஒளி:
பக்கத்துல நகர்த்தி 25 ஸ்கொயர் போட்டாச்சு. ஃபிரிட்ஜ் ஓடுது. நன்றி.

ஆம்பியர்72:
ஃபியூஸ் போட்டீங்களா? அந்தக் கேபிள் ஷார்ட் ஆனா பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல தள்ளும்.